போட பிட்டா என் கைப்பக்குவம் அல்ல

தம்பி,

கடையின் பின்னறையில் நீ அடுக்கி வைத்திருந்த பெட்டிகளை இதற்குள் பார்த்திருப்பாய். ஒவ்வொன்றிலும் என் முகம் இருந்த இடத்தில் கறுப்பு மார்க்கர் பூசியிருக்கும். கள்ளன் யாரோ புகுந்துவிட்டான் என்று பொலிசுக்கு அறிவித்துவிடாதே. அதைச் செய்தது நான்தான். கடை திறக்கும் நாளன்று விடியவே வந்து பால் காய்ச்சச் சொல்லி நீ தந்த சாவியால்தான் கதவைத் திறந்தேன். மத்தியானம் உட்கார்ந்தவள் பின்னேரம் வரை எழும்பவில்லை. முதல் பெட்டியில் படத்தைக் கொஞ்சம் பார்த்தேன். உன் கல்யாண வீட்டில் எடுத்த படம், பச்சைக் காஞ்சிபுரம், நன்றாகத்தான் இருந்தேன். பத்தாவது பெட்டிக்குப் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். மார்க்கர் தீர்ந்துபோக, வெளியே போய் இன்னும் இரண்டு வாங்கி வந்து பூசினேன். முகத்தின் கீழே ‘அம்மாவின் கைப்பக்குவம்’ என்று அச்சடித்திருந்தாய் அல்லவா, அதையும் விடவில்லை. நீ அனுப்பிய சேலை அங்கேயே மேசையில் இருக்கிறது. சனிக்கிழமைத் திறப்பு விழாவுக்கு நான் வரமாட்டேன்.

இதை உன் வீட்டுக்குத் தபாலில் மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் நீ பொய்யைத் தபாலில் சொல்லவில்லை. கமராவுக்கு முன்னால் உட்கார்ந்து ஊரறியச் சொன்னாய். அதனால் ஈஸ்ட் ஹாம் கடை வாசல்களில் சும்மா எடுத்துப் போகும்படி அடுக்கி வைத்திருக்கும் தமிழ்ப் பத்திரிகைக்கு இதை அனுப்புகிறேன். உன் பெயரையும் கடையின் பெயரையும் எழுதவில்லை. அறிந்தவர்கள் அறிந்துகொள்ளட்டும். என்னோடு கோபிப்பாய். கோபி. நானும் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆறிய பிறகு எழுதினால் பாதியை மறைத்துவிடுவேன்.

அந்தப் பேட்டியை எனக்குக் காட்டியது கோயிலில் பக்கத்தில் இருந்த ஒரு பெண். “உங்கட மகன் எவ்வளவு வடிவாக் கதைக்கிறான்” என்று சொல்லிப் போனை என் கையில் தந்தா. போட பிட்டா, அரிசா, காகரா, மண்டா என்று பெயர் பெயராகச் சொல்லி ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினாய். எங்கேயிருந்து வந்த பலகாரம் என்று பேட்டி எடுத்த பிள்ளை கேட்டதற்கு நீ சொன்னதை நான் மூன்று தரம் திருப்பித் திருப்பிக் கேட்டேன். “சண்டையில, செல்லடிக்குள்ள அம்மா ஊரை விட்டு வரேக்க கொண்டு வந்த பக்குவம். எங்கட வீட்டில பரம்பரையாச் செய்யிறது.” தம்பி, நான் ஊரை விட்டு வரும்போது கொண்டு வந்தது ஒரு வயதுப் பிள்ளையான உன்னையும் இரண்டு சட்டையையும் ஒரு மாப்பால் டின்னையும்தான். அந்த டின்னும் கொழும்பிலேயே முடிந்துவிட்டது. செத்தவர்களும் ஓடியவர்களும் உன் இனிப்புக்கு மேலே தூவும் முந்திரிப் பருப்பு அல்ல.

நான் உனக்கு உடனே போன் எடுத்தேன். அது எங்களுடைய பலகாரமே அல்ல, இந்தியாவில் ஒடியா மொழி பேசுகிற ஒடியாக்காரரின் பண்டிகைப் பலகாரம், ஹவுன்ஸ்லோ வீட்டில் எங்களோடு இருந்த ஒரு பெண் செய்தது என்று சொன்னேன். உனக்கு அது தெரியாது என்று நினைத்துத்தான் சொன்னேன். ஏழு வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும், அடுப்படியில் நின்ற எல்லாப் பெண்களும் ஒரே அம்மாவாகக் கலந்திருப்பார்கள் என்று உனக்காக நானே ஒரு நியாயம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நீ, “எனக்கு ஞாபகம் இருக்கு அம்மா. ஆனா ஆருக்குத் தெரியப்போகுது?” என்றாய். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இவ்வளவும். மறந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு உன் மேல் எனக்கிருக்கும் கோபம் மட்டும்தான் இது என்று நினைத்துவிடாதே. அந்தப் பெண்ணை அந்த வீட்டிலிருந்து துரத்தியது நான். அண்மையில் போனில் சொல்லும் வரை இத்தனை வருடமும் உன்னிடம் சொல்லவில்லை. உன் அப்பாவுக்குத் தெரியும், அவரும் அதோடேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பெண்ணின் பெயரை எழுத எனக்கு அனுமதி இல்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். நீ கூப்பிட்ட பெயரிலேயே எழுதுகிறேன். மாவுசி.

வீட்டில் எங்களுக்கு முன்னறையும் அதற்கு மேலே ஒரு சின்ன அறையும். பின்பக்க மேலறையில் மாவுசியும் புருஷனும். சமைக்கக் குசினி ஒன்றுதான். புருஷன் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு இந்தியச் சாப்பாட்டுக் கடையில் கோக்கி, சமைக்கிறவர். மாவுசிக்கு வேலை செய்ய விசாவில் இடமில்லை, பிள்ளையும் இல்லை, நாள் முழுக்கக் குசினிதான். நான் விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் மத்தியானம் ஒரு மணி ஷிப்டுக்குப் போய் இரவு ஒன்பது மணிக்கு வருவேன். அப்பா பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை முடித்து வந்து பகலில் படுப்பார், உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்துவிட்டு மறுபடி கண்ணயர்வார். நீ பையை எறிந்துவிட்டுக் குசினிக்குள் ஓடுவாய். யாரும் யாரிடமும் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று கேட்கவில்லை. அப்படியே நடந்துவிட்டது. நான் ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. கேட்காமல் செய்ததற்கு ஏன் நன்றி என்று எனக்குள் ஒரு திமிர்.

எனக்கு மாவுசியைத் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. குசினி இறாக்கைத் தட்டில் யாருடைய போத்தல் எங்கே என்று தொடங்கிய சண்டை அது. பிறகு எதற்கெடுத்தாலும். ஆனி மாதத்தில் அவர்களுக்கு ஒரு பண்டிகை, ரொஜோ என்பார்கள். மூன்று நாள் பூமித்தாய்க்கு ஓய்வாம், பெண்களுக்கும் ஓய்வாம். அந்த மூன்று நாளும் அம்மியைத் தொட மாட்டார், மரக்கறி வெட்ட மாட்டார், நல்ல சேலை கட்டிக்கொண்டு கதிரையில் இருப்பார். முதல் நாளே எல்லாம் செய்து வைத்துவிடுவார். நான் எட்டு மணி நேரம் நின்று காலெல்லாம் வீங்கி வந்தவள், “எங்களுக்கும் இப்பிடி ஒரு சாமி இருந்தா நல்லாத்தான் இருக்கும்” என்று உரக்கச் சொல்வேன். தமிழ் விளங்காது என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் உன்னிடம் கேட்டு விளங்கிக்கொண்டாராம். அதைக் கேட்ட பிறகும் உனக்கு ஒரு துண்டு கூடுதலாகத்தான் வெட்டினாராம்.

அந்தப் பண்டிகைக்குத்தான் போட பிட்டா. அரிசியையும் உழுந்தையும் ஊறவைத்து அரைத்து, புளிக்க விட்டு, சர்க்கரையும் தேங்காய்ச் சொட்டும் இஞ்சியும் மிளகும் ஏலக்காயும் சேர்த்து, வாழையிலை விரித்த சட்டியில் ஊற்றி மணிக்கணக்காகச் சுடுவார். ஊரில் விறகுத் தணலுக்குள் வைப்பார்களாம். இங்கே அவண் அடுப்பை ஆகக் குறைந்த சூட்டில் வைத்துவிட்டு முன்னாலேயே முக்காலி போட்டு இருப்பார். வெளிப்பக்கம் கருகினது மாதிரி இருக்கும், வெட்டினால் உள்ளே தேன் நிறம். முதல் நாள் அவர் உன்னிடம் “போட, போட” என்று சொல்வதை மாடியில் இருந்து கேட்டுவிட்டு, என் பிள்ளையை ‘போடா’ என்று விரட்டுகிறாள் என்று படிகளில் குதித்து இறங்கினேன். சுட்டது என்பதுதான் அதற்கு அர்த்தமாம். நீ வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரித்தாய். அவரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. தைப்பொங்கலுக்கு நான் அரியதரம் சுட்டபோது அவர் எட்டிப் பார்த்து, இது எங்கள் அரிசா என்றார். அரிசி மாவும் பாகும் எண்ணெயும்தான் இரண்டும், எள்ளு அவர்கள் கொஞ்சம் கூடப் போடுவார்கள். சிநேகமாகச் சொன்ன ஒரு சொல். நான் அதை எங்கள் பலகாரத்தைக் களவெடுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லை. இப்போது யோசித்துப் பார், பலகாரம் களவெடுக்கிறவள் யார் என்று.

நவம்பரில் ஒரு நாள் வேலை குறைவு என்று பாதி ஷிப்டில் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு மணி போலக் கதவைத் திறந்தால் வீடெல்லாம் மஞ்சள் செடியின் பச்சை இலை அவிந்த வாசம். நீ குசினி நடுவில் பலகையில் இருக்கிறாய். நெற்றியில் சந்தனம், புதுச் சட்டை, முன்னால் விளக்கு. தட்டில் மஞ்சள் இலையில் மடித்து அவித்த பிட்டா. உள்ளே தேங்காய்ப்பூவும் சர்க்கரையும். வீட்டின் மூத்த பிள்ளைக்கு நீண்ட ஆயுள் வேண்டிச் செய்கிற நாளாம் அது, கார்த்திகைப் பௌர்ணமி கழிந்து எட்டாம் நாள். அந்த இலைக்காகவே அவர் பெயின்ட் வாளியில் மஞ்சள் நட்டு, வருடம் முழுக்க ஜன்னலோரம் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். நீ என்னைக் கண்டதும் எழும்பவில்லை. திரும்பி, “மாவுசி, அம்மா வந்திட்டா” என்றாய். எனக்கு அந்தச் சொல்லில் ‘மா’ மட்டும்தான் கேட்டது. என் பிள்ளைக்குத் தன்னை அம்மா என்று கூப்பிடப் பழக்கிவிட்டாள், என் பிள்ளையைத் தன் மூத்த பிள்ளையாகச் சாமிக்கு முன்னால் எழுதி வாங்கிவிட்டாள் என்று மண்டைக்குள் நெருப்புப் பிடித்தது. சட்டையைக் கழற்றி அவர் கையில் திணித்தேன். நெற்றியை என் சேலைத் தலைப்பால் துடைத்தேன். நீ அழுதாய். மாவுசி என்றால் அம்மாவின் சகோதரி, பெரியம்மா, சின்னம்மா என்று கூப்பிடுவது மாதிரி என்பது எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்து, வேலையிடத்தில் ஒரு வட இந்தியப் பெண் தன் பிள்ளையோடு போனில் கதைத்ததைக் கேட்ட அன்று. அன்று நான் தட்டு அடுக்குவதை நிறுத்திவிட்டு வாஷ்ரூமில் போய் நின்றேன்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகளில் அவர்களுக்கு லட்சுமி பூசை. விடியவே எழும்பி வாசலிலிருந்து குசினி வரை அரிசி மாவைக் கரைத்து விரலால் சின்னச் சின்னப் பாதம் வரைவார். அன்று வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் கிடையாது, வெங்காயம்கூடக் கிடையாது. மண்டா பிட்டா அவிப்பார், எங்கள் கொழுக்கட்டை மாதிரித்தான். நான் இரண்டாவது வியாழன் காலையில் அந்தப் பாதங்களுக்கு மேலே செருப்போடு நடந்து போய், தாச்சியை வைத்து நெத்தலி பொரித்தேன். எனக்கு அன்று மீன் தின்ன ஆசை ஒன்றும் இல்லை. நான் வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவள், இன்னொருத்தியின் விரத நாளில் மச்சம் பொரித்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அவர் அவித்ததை அப்படியே எடுத்துக்கொண்டு மேலே தங்கள் அறைக்குப் போனார். என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

அடங்கவில்லை. அந்தக் கிழமையே வீட்டுச் சொந்தக்காரரிடம் போனேன். இரண்டு தெரு தள்ளி இருந்த வயதான மனிதர், கவுன்சில் என்றால் நடுங்குகிறவர். மேலறைப் பெண் குசினியில் பலகாரம் செய்து வெளியே விற்கிறா, வேலை செய்ய விசா இல்லாதவ, நாளைக்கு யாராவது வந்து விசாரித்தால் உங்களுக்குத்தான் கரைச்சல் என்று சொன்னேன். முழுப் பொய். அவர் ஒரு துண்டுகூட விற்கவில்லை. செய்ததில் பாதி உன் வயிற்றுக்குள்ளும் கால்வாசி உன் அப்பாவின் வயிற்றுக்குள்ளும்தான் போனது. இரண்டு கிழமையில் வீட்டுக்காரர் அவர்களை வீட்டை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார். அவர்கள் போன காலையில் நீ படியில் நின்று பார்த்தாய். மாவுசி உன் தலையைத் தடவிவிட்டு, என்னைப் பார்க்காமல் கதவைத் தாண்டினார். அப்பா வேலையால் வந்து வெறும் இறாக்கையைப் பார்த்துவிட்டு, “நீ நல்ல வேலை செய்யேல்லை” என்றார். நான் அவரைப் பார்த்துக் கத்திய கத்தில் அவர் சாகும் வரை அந்தக் கதையை எடுக்கவில்லை.

அடுத்த ஆனி வந்தபோது நீ போட பிட்டா கேட்டு அடம்பிடித்தாய். சோறு தின்ன மாட்டேன் என்றாய். கடையில் விசாரித்து, பார்த்ததை ஞாபகப்படுத்தி, மூன்று தரம் கருக்கி, நாலாம் தரம் ஒருவாறு வந்தது. நீ தின்றாய். யார் செய்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு வருடமும் செய்தேன். உன் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் வந்து தின்றுவிட்டு “ஆன்ட்டி, சூப்பர்” என்றபோது வாயைத் திறக்கவில்லை. அது என்னுடையது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. என்னுடையது அல்ல என்றும் சொன்னதில்லை. நீ அச்சடித்த பெட்டியை முதன்முதலில் மடித்தது நான்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அப்போது வெட்கம் இருந்தது. ஒவ்வொரு ஆனியிலும் அவண் கதவைத் திறக்கும்போது முகத்தில் அடித்தது சூடு மட்டும் அல்ல. உனக்கு அந்த வெட்கமும் இல்லை. அதுதான் உன்னில் எனக்குப் பயத்தைத் தருகிறது.

“ஆருக்குத் தெரியப்போகுது” என்று நீ சொன்ன பிறகு நான் தேடத் தொடங்கினேன். அவர்கள் எப்போதோ இந்தியாவுக்குத் திரும்பியிருப்பார்கள் என்றுதான் எண்ணியிருந்தேன். இந்த ஆனியில் சவுத்தோலில் ஒரு மண்டபத்தில் ஒடியாக்காரர் கூடி அந்தப் பண்டிகை கொண்டாடுகிறார்கள் என்று அறிந்து போனேன். வாசலில் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டியிருந்தார்கள். எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. பலகார மேசையருகே நின்ற ஒரு பெண்ணிடம் பெயரைச் சொல்லி, ஹவுன்ஸ்லோவில் இருந்தவர், புருஷன் கோக்கி என்றேன். அவ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு யாரோடோ போனில் கதைத்தா. மாவுசி இருப்பது குட்மேய்ஸில், தம்பி. உன் கடைக்கு முன்னால் பஸ் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குள் இறங்கலாம். இருபது வருடமாக அங்கேதான். நீ கடைக்குச் சாமான் எடுக்கப் போகிற தெருவில் அவரும் மரக்கறி வாங்கியிருப்பார்.

நீ தந்த போட பிட்டாப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டார். தலை முழுக்க நரை, முழங்கால் மடங்கவில்லை, ஆனால் அதே பார்வை. கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்க வைத்துவிட்டுத்தான் வழி விட்டார். இருக்கச் சொல்லவில்லை, நானாக இருந்தேன். தண்ணீர் தரவில்லை. பெட்டியை மேசையில் வைத்தேன். மூடியில் இருந்த என் படத்தை நெடுநேரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கத்தி எடுத்து வந்து ஒரு துண்டு வெட்டி, நின்றபடியே தின்றார். நாங்கள் கதைத்தது பாதி இங்கிலீசில், பாதி அவர் அந்தக் காலத்தில் உன்னிடம் பொறுக்கிய தமிழில். நான் என் தமிழிலேயே எழுதுகிறேன். “உள்ளுக்கு வேகேல்லை. அவசரப்பட்டிருக்கிறீங்கள்” என்றார்.

வீட்டுக்காரரிடம் பொய் சொன்னது நான்தான் என்று சொன்னேன். அதைச் சொல்லத்தான் பஸ்ஸும் ரயிலுமாக அவ்வளவு தூரம் வந்தேன், சொன்னதும் அவர் அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்திருந்தேன். “தெரியும்” என்றார். அன்றைக்கே வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம். அப்படியென்றால் ஏன் என்னைக் கேட்கவில்லை, ஏன் ஒரு ஏச்சுக்கூட ஏசவில்லை என்றேன். “பிள்ளை படியில நிண்டவன்” என்றார். அவ்வளவுதான் அதற்குப் பதில்.

பிறகு அவராகவே தொடங்கினார், என்னைப் பார்க்காமல், மேசையைத் துடைத்துக்கொண்டு. அங்கிருந்து போய் அவர்கள் இருந்தது ஒரு வீட்டில் ஒற்றை அறை. மற்ற அறைகளில் எல்லாம் ஆண்கள், குசினிக்குள் அவர் போக முடியாது, புருஷன் கடையிலிருந்து கொண்டுவரும் மிச்சம்தான் சாப்பாடு. இரண்டு வருடம். “ரெண்டு வருசம் நான் ஒரு பண்டிகையும் செய்யேல்லை. லட்சுமிக்கு ஒரு பிடி மா அவிக்க எனக்கு அடுப்பில்லை. நீ எடுத்தது அறையை இல்லை” என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். எழும்பி நின்று, கை கூப்பிக் கேட்டேன். “இல்லை” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடையில் இன்ன சாமான் இல்லை என்று சொல்வது மாதிரிச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அதைப் பார்க்க அவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்ததும் அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து உனக்குப் போனில் அவ்வளவையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. நீ என்ன சொன்னாய்? ஒரு நிமிடம் உண்மையாகவே கலங்கினாய், அதை மறுக்கவில்லை. அதற்குப் பிறகு குரல் மாறியது. “அம்மா, அவவைத் திறப்பு விழாவுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ரெண்டு பேரும் கட்டிப்பிடிக்கிறதை வீடியோ எடுப்பம். பெட்டியில அவவின்ர படத்தைப் போடுறன். இது இன்னும் நல்ல ஸ்டோரி.” நான் போனை வைத்துவிட்டேன். அடுத்த நாள் மார்க்கர் வாங்கினேன். மாவுசி தன் பெயரும் முகமும் எங்கேயும் வரக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார். உனக்கு முகம்தான் வேண்டும் என்றால் உன் முகத்தைப் போடு. பலகாரம் ஒடியா வீட்டுப் பண்டிகைப் பலகாரம் என்று எழுது. யார் வீட்டில் தின்று பழகினாய் என்று யாராவது கேட்டால், என் அம்மா துரத்திய ஒரு பெண்ணிடம் என்று சொல். சொல்ல வெட்கமாக இருந்தால் விற்காதே. விற்கிறதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. பசியோடு இருந்த உனக்கு ஒருவர் ஊட்டியதை, அவரை அழித்துவிட்டு ஊருக்கு ஊட்டுகிறாயே, அதைத்தான் சொல்கிறேன். உன்னை வளர்த்தவள் நான் என்பதால் அதில் பாதி என் மேல் விழும். விழட்டும். மற்றப் பாதியைச் சுமக்க உனக்கு முப்பத்தாறு வயது.

நான் போனில் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. சொன்னால் கமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்து விட்டேன். நான் புறப்படும்போது மாவுசி கதவைப் பிடித்துக்கொண்டு, உன் பெயரைச் சொல்லி, நன்றாகச் சாப்பிடுகிறானா என்று கேட்டார். ஓம் என்றேன். வருகிற நவம்பரில் அந்த எட்டாம் நாள் உன்னை வரச் சொன்னார். தனியே வர வேண்டும். போனை வெளியே எடுக்கக் கூடாது. வெறும் வயிற்றோடு வர வேண்டும். “மூத்த பிள்ளைக்குச் செய்யிறது அது. எனக்கு வேற மூத்த பிள்ளை இல்லை” என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “நீ வரக்கூடாது. இந்த வாசலில உன்னை இன்னொரு தரம் நான் காணக்கூடாது” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

விலாசத்தை வேறாக உன் வீட்டுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நாளையும் அதில் குறித்திருக்கிறேன். கடை திறந்து ஓடுகிறதோ, மூடுகிறதோ, என்னோடு கதைக்கிறாயோ இல்லையோ, அன்றைக்குப் போ. பெட்டி ஒன்றும் கொண்டு போகாதே. அவர் தருவதைத் தின். தின்று முடிய என்னைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார், நான் உனக்கு எழுதாததையும் சொல்வார். அம்மா அப்படிப்பட்டவ இல்லை என்று இடையில் புகுந்து எனக்காகப் பேசாதே. அவர் சொல்வது எல்லாம் நான் செய்தது.

அம்மா